23 வயதில் 0.318 அடிப்பவன் பட்டியலில் இல்லை, 19 வயதில் 0.245 அடிப்பவன் முதல் 20-க்குள். எப்படி?

பேஸ்பால் ரசிகர் ஒருவரின் கேள்வி இது: "நான் ஆதரிக்கும் அணியின் சிங்கிள்-ஏ குழுவில் 23 வயதுப் பையன் ஒருவன் 0.318 சராசரியில் 24 ஹோம் ரன் அடித்திருக்கிறான். டாப் 100 ப்ராஸ்பெக்ட் பட்டியல் எதிலும் அவன் பெயர் இல்லை. அதே அணியின் டபுள்-ஏ குழுவில் ஒரு 19 வயதுக்காரன் வெறும் 0.245 சராசரி, 9 ஹோம் ரன். அவன் முதல் 20-க்குள் இருக்கிறான். இதில் என்ன நியாயம்?"

நியாயம் இருக்கிறது. ப்ராஸ்பெக்ட் என்றால் நாளை மேஜர் லீகில், அதாவது அமெரிக்க பேஸ்பாலின் உச்சப் படியில், ஜொலிப்பான் என்று எதிர்பார்க்கும் இளம் ஆட்டக்காரன். அதற்கு ஆளைத் தயார்செய்யும் கீழ்ப்படிகள்தான் மைனர் லீக். பாதி விடை உங்கள் கேள்விக்குள்ளேயே கிடக்கிறது: 23, 19. ஒரு மைனர் லீக் ஆட்டக்காரனைப் பற்றி யார் வந்து என்ன சொன்னாலும் நான் முதலில் கேட்பது அவன் வயதை. அடுத்து, எந்தப் படியில் ஆடுகிறான் என்பதை. சராசரியும் (மட்டை பிடித்ததில் எத்தனை பங்கு அடித்துப் பேஸை எட்டினான் என்ற விகிதம்) ஹோம் ரன்னும் (பந்தை வேலிக்கு வெளியே அடிப்பது) அதற்கப்புறம்தான்.

மேஜர் லீகின் 30 அணிகளுக்கும் கீழே தலா நான்கு குழுக்கள் உண்டு, கீழ்ப்படியிலிருந்து மேலாக: சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ. 2021-ல் செய்த சீரமைப்புக்குப் பிறகு மொத்தம் 120 குழுக்கள். அவற்றுக்கும் கீழே புளோரிடாவிலும் அரிசோனாவிலும் பயிற்சி வளாகங்களில் ஆடும் லீகுகள், டொமினிக்கன் குடியரசில் ஒரு கோடைக்கால லீக். அமெரிக்காவுக்குள் ஓர் அணி 165 மைனர் லீக் ஆட்டக்காரர்கள் வரை வைத்துக்கொள்ளலாம். 30 அணிகளையும் கூட்டினால் ஐயாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. மேலே இருக்கும் இடமோ அணிக்கு 26, ஆக மொத்தம் 780. அதிலும் பெரும்பாலானவற்றில் ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருக்கிறது.

சிங்கிள்-ஏயில் ஆடுபவர்கள் பெரும்பாலும் 20, 21 வயதுக்காரர்கள். அங்கே பந்து வீசும் பையன்களுக்கு வேகம் இருக்கும். ஸ்லைடரை (கடைசி நேரத்தில் பக்கவாட்டில் விலகும் பந்து) எந்த நேரத்தில் எங்கே போடுவது என்பது இன்னும் பிடிபட்டிருக்காது. கல்லூரியில் நாலு வருடம் ஆடிவிட்டு வந்த 23 வயதுக்காரன் அவர்களை அடிப்பது, ப்ளஸ் டூ பையன்களோடு கல்லூரிக் கடைசி வருட மாணவன் கபடி ஆடி ஜெயிப்பது போன்றது. ஜெயித்தான் என்பது உண்மைதான். அதை வைத்து அவன் மாநில அணிக்குத் தேறுவான் என்று சொல்லிவிட முடியாது. டபுள்-ஏ வேறு உலகம். அங்கே சராசரி வயதே 23, 24. நாலாவது பால் போனால் பேட்டருக்கு முதல் பேஸ் இலவசம், அதுதான் வாக்; மூன்றாவது ஸ்ட்ரைக்கில் அவன் அவுட், அது ஸ்ட்ரைக் அவுட். மூன்று பால், ஒரு ஸ்ட்ரைக் என்று பின்தங்கி நிற்கும்போதும் வளைந்து இறங்கும் கர்வ் பந்தைத் துணிந்து ஸ்ட்ரைக் பகுதிக்குள் போடத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். மைனர் லீகில் மாவைச் சலிக்கும் சல்லடை அந்தப் படிதான் என்பது என் கணிப்பு. அங்கே 19 வயதில் ஒருவன் தலைக்கு மேல் தண்ணீர் போகாமல் நிற்கிறான் என்பதே பெரிய செய்தி.

மைக் ட்ரவுட் 2011-ல் ஆர்கன்சாஸ் டபுள்-ஏ குழுவில் ஆடியபோது வயது 19. 91 ஆட்டத்தில் 0.326 அடித்தார், 33 பேஸ் திருடினார் (பந்து வீசும் நேரத்தில் அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது). ஹுவான் சோட்டோ 2018-ல் சிங்கிள்-ஏயில் தொடங்கி, ஹை-ஏயைக் கடந்து, டபுள்-ஏயில் எட்டே ஆட்டம் ஆடிவிட்டு, அந்த மே மாதமே 19 வயதில் வாஷிங்டன் அணிக்கு வந்துவிட்டார். அந்தப் பருவத்தில் 116 ஆட்டத்தில் 22 ஹோம் ரன். அவரைப் பார்த்தவர்கள் வியந்து பேசியது ஹோம் ரன்னைவிட, அவர் பெற்ற 79 வாக் பற்றித்தான். 19 வயதில் எந்தப் பந்தை விட வேண்டும் என்று அவ்வளவு தெளிவாகத் தெரிந்திருந்தது.

அப்படியானால் வயது குறைந்தவனெல்லாம் நட்சத்திரமா என்றால், இல்லை. இங்கேதான் நான் சொல்ல விரும்புவது வருகிறது. ஒரு பையன் இன்று எவ்வளவு நன்றாக ஆடுகிறான் என்று அளப்பது ப்ராஸ்பெக்ட் மதிப்பீடு அல்ல. அவனிடம் இன்று என்ன ஓட்டை இருக்கிறது, அடுத்த படியில் இருப்பவர்கள் அதைக் கண்டுபிடிப்பார்களா, கண்டுபிடித்தால் இவன் அடைத்துக்கொள்வானா என்று கேட்பதுதான் அந்த வேலை. கீழ்ப்படியில் எடுக்கும் எண்கள் அந்த ஓட்டையை மூடி மறைத்துவிடும்.

பிராண்டன் வுட்டின் கதையை இதற்காகவே நான் மறப்பதில்லை. 2003 டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு) ஏஞ்சல்ஸ் அணி முதல் சுற்றில் எடுத்த ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்). 2005-ல் ராஞ்சோ குக்கமோங்கா என்ற ஊரின் குழுவுக்கு ஆடி 0.321 சராசரி, 43 ஹோம் ரன். ஷார்ட்ஸ்டாப்பில் நிற்கும் 20 வயதுப் பையன் 43 ஹோம் ரன் அடித்தால் யாருக்குத்தான் ஆசை வராது? மறு ஆண்டு பேஸ்பால் அமெரிக்கா இதழின் பட்டியலில் நாட்டிலேயே மூன்றாவது இடம் கிடைத்தது. அவர் வயதிலும் குறை சொல்ல முடியாது.

ஆனால் அவர் ஆடிய கலிபோர்னியா லீக் பேட்டர்களின் சொர்க்கம். காய்ந்த காற்று, பாலைவனத்தை ஒட்டிய மைதானங்கள். லான்காஸ்டர் போன்ற ஊரில் காற்று பந்தைத் தூக்கிக்கொண்டு போய் வேலிக்கு அப்பால் போடும். அதே அளவு திறமையுள்ள பையன் புளோரிடாவின் பிசுபிசுத்த காற்றில், மேஜர் அணிகளின் வசந்தகாலப் பயிற்சிக்காகக் கட்டிய பெரிய மைதானங்களில் ஆடினால் ஹோம் ரன் பாதியாகக் குறைந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். இரண்டாவது, அந்த 43-க்குப் பக்கத்திலேயே 128 ஸ்ட்ரைக் அவுட்டும் இருந்தது. அடுத்த ஆண்டு டபுள்-ஏயில் அது இன்னும் கூடியது. பிறகு சால்ட் லேக் சிட்டி, டிரிபிள்-ஏ. அதுவும் நாலாயிரம் அடி உயரத்தில், மெல்லிய காற்றில் பந்து பறக்கும் ஊர். எண்கள் மறுபடி அழகாக வந்தன. 2010-ல் ஏஞ்சல்ஸ் அவரை நம்பி மூன்றாம் பேஸைக் கொடுத்தது. சராசரி 0.146. 71 ஸ்ட்ரைக் அவுட், வெறும் 6 வாக். பந்து ஸ்ட்ரைக் பகுதிக்கு வெளியே போகிறதா உள்ளே வருகிறதா என்று அவருக்குத் தெரியவில்லை என்பதை மேஜர் லீக் பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்) சில வாரங்களில் படித்துவிட்டார்கள். மேஜர் லீகில் அவரது மொத்தச் சராசரி 0.186-ல் நின்றுபோனது. நல்ல உழைப்பாளி. எனக்கு இன்றும் அவரை நினைத்தால் மனம் கனக்கும்.

ஆகவே, நீங்கள் கேள்வியில் தராத ஓர் எண்ணைத்தான் நான் முதலில் தேடுவேன். அந்த 23 வயதுக்காரன் எத்தனை முறை ஸ்ட்ரைக் அவுட் ஆனான், எத்தனை வாக் பெற்றான்? சராசரி என்பது நிலைபெற மாதக்கணக்கில் ஆகும். பந்து ஆளில்லாத இடத்தில் விழுந்ததா, கையுறைக்குள் விழுந்ததா என்ற அதிர்ஷ்டம் அதில் கலந்திருக்கிறது. ஸ்ட்ரைக் அவுட் விகிதம் சீக்கிரமே உண்மையைச் சொல்லிவிடும். ஆல்பர்ட் புஹோல்ஸ் 1999 டிராஃப்டின் 13-வது சுற்றில் போனவர். மறு ஆண்டு பியோரியா என்ற சிறிய ஊரில் ஆடியபோது அவருடைய வாக் எண்ணிக்கையும் ஸ்ட்ரைக் அவுட்டும் ஏறக்குறையச் சமமாக இருந்தன. அதற்கடுத்த ஆண்டே செயின்ட் லூயிஸ் அணியில் 37 ஹோம் ரன் அடித்து, ஆண்டின் சிறந்த புதுமுகம் ஆனார்.

எண்ணுக்கு வெளியே ஸ்கவுட்கள் (அணிகளுக்காக ஆள் தேடி மதிப்பிடுபவர்கள்) பார்ப்பது என்ன? அவர்களுடைய அளவுகோல் 20-லிருந்து 80 வரை. 50 என்றால் மேஜர் லீக் ஆட்டக்காரனின் நடுத்தரம். 60 தெளிவாக மேலே, 70 அரிது, 80 தலைமுறைக்குச் சிலர். பேட்டருக்கு ஐந்து திறன்: பந்தை அடிப்பது, தூரம் அடிப்பது, ஓடுவது, ஃபீல்டிங், எறியும் கை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண், இன்றைக்கு ஒன்று, வளர்ந்த பிறகு எதிர்பார்ப்பது ஒன்று. 50-ஐக் கேட்டுப் பலர் உதட்டைப் பிதுக்குவார்கள். உலகின் தலைசிறந்த 780 பேரின் நடுவில் நிற்பவன் அவன் என்பதை மறந்துவிடக் கூடாது.

இவற்றில் ஓட்டம்தான் சுலபம். நான் டர்ஹம் புல்ஸ் என்ற டிரிபிள்-ஏ குழுவின் மைதானத்தில் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து ஸ்டாப்வாட்சை அழுத்திக்கொண்டிருப்பேன். வலது கை பேட்டர் பந்தை அடித்த கணத்திலிருந்து முதல் பேஸை மிதிக்க 4.3 வினாடி எடுத்தால் அவன் 50. இடது கைக்காரனுக்கு ஓரடி அருகே நிற்கும் வசதி இருப்பதால் 4.2. பேட்டருக்குப் பின்னால் உட்காரும் கேட்சர் பந்தைப் பிடித்து எழுந்து எறிந்து அது இரண்டாம் பேஸ் கையுறையில் விழ 2 வினாடி என்றால் அதுவும் நடுத்தரம். யாரும் இதைச் செய்யலாம். ஒரு மாதத்தில் கை பழகிவிடும்.

கஷ்டமானது முதல் திறன், பந்தை அடிப்பது. நாற்பது வருடம் இந்தத் தொழிலில் இருந்தவர்களும் தடுமாறும் இடம் அதுதான். பயிற்சியில் பந்து பந்தாக வேலிக்கு வெளியே அனுப்புகிறவன் ஆட்டத்தில் திணறுவான். கவனிக்க வேண்டியது அவன் அடிக்கும் பந்தை அல்ல, அடிக்காமல் விடும் பந்தை. ஸ்லைடர் வரும்போது முன்தோள் திறந்துகொள்கிறதா? இரண்டு ஸ்ட்ரைக் ஆன பிறகு மட்டையைச் சுருக்கிக்கொள்கிறானா? முதல் முறை ஏமாந்த அதே பந்துக்கு ஏழாவது இன்னிங்ஸில் மறுபடி ஏமாறுகிறானா? நான் ஒரே ஆட்டத்தைப் பார்த்துவிட்டு எந்தப் பையனைப் பற்றியும் பேசுவதில்லை. குறைந்தது மூன்று ஆட்டம், முடிந்தால் தொடர்ச்சியாக.

உடம்பைப் பார்த்து ஏமாறுவதும் இதே தொழிலின் பழைய நோய். வெனிசுவேலாவின் மரகாயில் ஹியூஸ்டன் அணி நடத்திய தேர்வுக்கு வந்த ஹோசே அல்டுவேயைக் குள்ளம் என்று திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் அவர் மறுபடி போய் நின்றார். 15,000 டாலருக்கு ஒப்பந்தம் ஆனது. உயரம் 168 சென்டிமீட்டர். 2011-ல் நான் மேலே சொன்ன அதே லான்காஸ்டரில் 0.400-ஐத் தாண்டி அடித்தார். காற்று அடித்த கணக்கு என்று ஒதுக்கிவிடச் சுலபம். ஆனால் டபுள்-ஏக்குப் போயும் 0.361. ஸ்ட்ரைக் அவுட் ஆவதே அபூர்வம். அந்த ஜூலையில் 21 வயதில் நேராக மேஜர் லீக், 2017-ல் அமெரிக்கன் லீகின் மதிப்புமிக்க ஆட்டக்காரர். வுட்டும் அல்டுவேயும் ஒரே லீகில் குவித்தவர்கள்தான். ஒருவரிடம் இருந்த ஓட்டை மற்றவரிடம் இல்லை.

எந்த இடத்தில் நிற்கிறான் என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஷார்ட்ஸ்டாப், சென்டர் ஃபீல்ட், கேட்சர் ஆகிய இடங்களில் உண்மையாகவே நிற்கத் தெரிந்தவன் சுமாராக அடித்தாலே பிழைத்துக்கொள்வான். முதல் பேஸில் நிற்பவன் பிரமாதமாக அடித்தால்தான் வேலை. யாங்கீஸ் அணியின் ஹெசுஸ் மொன்டேரோ கேட்சர் என்ற பெயரில் பட்டியலின் உச்சியில் இருந்தார். கேட்சராக நிலைக்க முடியாது என்று ஆனதும், அவரது மட்டைக்கு அதுவரை இருந்த மதிப்பு பாதியாகிவிட்டது. உங்கள் 23 வயதுக்காரன் முதல் பேஸில் நிற்பவனாக இருந்தால், பட்டியலில் இல்லாததற்கு அதுவே இன்னொரு காரணம்.

பிட்சர்கள் விஷயம் வேறு. இங்கே நான் கொஞ்சம் பயந்துதான் பேசுவேன். "பிட்சிங் ப்ராஸ்பெக்ட் என்று ஒன்று கிடையாது" என்று இந்த வட்டாரத்தில் ஒரு பழைய பேச்சு உண்டு. மிகைதான், ஆனாலும் வலியிலிருந்து பிறந்த பேச்சு. 1991 டிராஃப்டில் யாங்கீஸ் முதல் ஆளாக எடுத்த பிரையன் டெய்லருக்கு 15 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கொடுத்தார்கள். 1993 டிசம்பரில் ஒரு கைகலப்பில் இடது தோள் கிழிந்தது. மேஜர் லீகில் ஒரு பந்துகூட வீசவில்லை. 2013-ல் ஹியூஸ்டன் முதல் ஆளாக எடுத்தது மார்க் அப்பெல் என்ற பிட்சரை. அடுத்த இடத்தில் சிகாகோ கப்ஸ் எடுத்தது கிரிஸ் பிரையன்ட் என்ற பேட்டரை. பிரையன்ட் 2016-ல் நேஷனல் லீகின் மதிப்புமிக்க ஆட்டக்காரர். அப்பெல் 2018-ல் ஆட்டத்தையே விட்டு விலகி, திரும்பி வந்து, 2022-ல் 30 வயதில்தான் முதன்முறையாக மேஜர் லீகில் பிட்சர் நின்று வீசும் மேட்டில் ஏறினார். அந்த ஏற்றத்தை நான் மரியாதையோடு பார்க்கிறேன்.

நம்மவர்கள் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காரும் குமார் ராக்கரையும் சொல்ல வேண்டும். தாய் வழியில் இந்திய வம்சாவளி. 2021-ல் நியூயார்க் மெட்ஸ் பத்தாவது ஆளாக எடுத்தது. உடல் பரிசோதனைக்குப் பிறகு ஒப்பந்தம் செய்யாமல் விட்டுவிட்டது. தோளில் அறுவை, ஒரு சுயேச்சை லீகில் சில வாரங்கள், 2022-ல் டெக்சாஸ் மூன்றாவது ஆளாக எடுத்தது. 2023-ல் முழங்கை, டாமி ஜான் அறுவை (முழங்கைத் தசைநாரை மாற்றி வைக்கும் சிகிச்சை). 2024 செப்டம்பரில் மேஜர் லீக். இந்த வரிசையில் அவருடைய ஸ்லைடர் மோசமானதாக ஒருநாளும் இருந்ததில்லை. பிட்சரைப் பொறுத்தவரை மதிப்பீட்டாளன் அறிய முடியாத ஒன்று தோளுக்கும் முழங்கைக்கும் உள்ளே நடந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் சம திறமையுள்ள பேட்டரும் பிட்சரும் இருந்தால் நான் பேட்டரை மேலே வைப்பேன்.

இப்போது இயந்திரங்களும் வந்துவிட்டன. மேஜர் லீகில் பயன்படும் ஸ்டாட்காஸ்ட் (பந்தையும் ஆட்டக்காரர்களையும் பின்தொடர்ந்து அளக்கும் கருவி) அளவீடுகள் டிரிபிள்-ஏக்கும் புளோரிடாவின் சிங்கிள்-ஏ லீகுக்கும் பொதுவில் கிடைக்கின்றன. மட்டையை விட்டுப் பந்து கிளம்பும் வேகம் மணிக்கு 153 கிலோமீட்டரைத் தாண்டினால் பலமான அடி என்று கணக்கு. வெளியே போகும் பந்தை எத்தனை முறை துரத்துகிறான், உள்ளே வரும் பந்தை எத்தனை முறை தொடுகிறான் என்ற இரண்டும் எனக்கு மிகப் பிடித்தவை. 2005-ல் வுட்டின் துரத்தல் விகிதம் எல்லோர் கண்ணிலும் பட்டிருந்தால் அந்த மூன்றாம் இடம் கிடைத்திருக்குமா என்று யோசிக்கிறேன். ஒரு எச்சரிக்கை: 2023-ல் டிரிபிள்-ஏ முழுவதும் தானியங்கி முறையில் பால், ஸ்ட்ரைக் சொல்லும் ஏற்பாடு வந்தது. அந்தப் பருவத்தில் அங்கே வாக் தாராளமாகக் கிடைத்தது. அந்த வாக் கணக்கை அப்படியே நம்பி யாரையும் சோட்டோவோடு ஒப்பிடாதீர்கள்.

இனி பட்டியலை எப்படி வாசிப்பது? 12-ஆம் இடம், 47-ஆம் இடம் என்ற எண்ணைப் பார்க்காமல், அடுக்காகப் பாருங்கள். முதல் பத்துப் பதினைந்து பேர் நிஜமாகவே வேறு அடுக்கு. அதற்கப்புறம் 40-க்கும் 90-க்கும் இடையே இருப்பது பெரும்பாலும் எழுதியவரின் ருசி. நூறுக்கு வெளியே 130-ல் இருப்பவனும் அதே ரகம்தான். பட்டியலால் நிஜமான விளைவும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அணிகளுக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் இடையிலான 2022 ஒப்பந்தப்படி, குறிப்பிட்ட மூன்று டாப் 100 பட்டியல்களில் குறைந்தது இரண்டில் இடம்பெற்ற புதுமுகத்தைப் பருவத் தொடக்கத்திலிருந்தே மேஜர் அணியில் வைத்து, அவன் சிறந்த புதுமுக விருதை வென்றால் அணிக்கு டிராஃப்டில் கூடுதல் தேர்வு கிடைக்கும். ஹூலியோ ரோட்ரிகஸால் சியாட்டில் 2023-ல் அப்படி ஒன்றைப் பெற்றது.

மேலே வந்த முதல் மாதத்தை வைத்து ஒருவனைக் கைவிடாதீர்கள். ட்ரவுட் 2011-ல் முதல் 40 ஆட்டத்தில் 0.220. ஏரன் ஜட்ஜ் 2016-ல் 0.179, 84 முறை மட்டை பிடித்ததில் 42 ஸ்ட்ரைக் அவுட். அடுத்த ஆண்டு 52 ஹோம் ரன், 127 வாக். 2024-ல் நாட்டின் முதல் ப்ராஸ்பெக்டாக வந்த ஜாக்சன் ஹாலிடே 34-க்கு 2 என்று தடுமாறி டிரிபிள்-ஏக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். ஓட்டையை எதிராளி கண்டுபிடிப்பது எல்லோருக்கும் நடக்கும். அதற்குப் பிறகு அவன் தன்னை மாற்றிக்கொள்கிறானா என்பதுதான் நாம் காத்திருந்து பார்க்க வேண்டியது.

உங்கள் 19 வயதுக்காரனைப் பற்றி: 0.245-ஐ விட்டுவிடுங்கள். ஜூன் மாதத்தைவிட ஆகஸ்டில் அவன் ஸ்ட்ரைக் அவுட் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். குறைந்திருந்தால் அந்த 20-க்குள் இடம் சரிதான். 23 வயதுக்காரனை டபுள்-ஏக்கு உயர்த்தும் நாள் வரை பொறுங்கள். அங்கே அவன் மட்டை பிடிக்க வரும் முதல் நூறு முறையை ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள், ஸ்ட்ரைக் அவுட்டையும் வாக்கையும் மட்டும். ஸ்ட்ரைக் அவுட் இருபதைத் தாண்டாமல் இருந்தால் எனக்கு எழுதுங்கள். அவன் பெயரை என் நோட்டிலும் ஏற்றிக்கொள்கிறேன்.